எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு முகம்

என் வீட்டுக்காரர் மாணிக்கராஜுக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் போட்டோ பைத்தியம் பிடித்தது. பைத்தியம் என்று எழுதுவதற்காக அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேராகவே நான் பலமுறை சொல்லியாயிற்று. மற்ற ஆண்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும், ரத்தக் கொதிப்பு வரும். இவருக்கு மூன்றும் வந்தது.

நாங்கள் ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறோம். நான் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இவர் விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்குப் போய், ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே பிரிவில் உதவியாளராக வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். வருகிறவர்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பிளேட்டோடு நெஞ்சை ஒட்டி நிற்க வைத்து, "மூச்ச இழுத்துப் புடிங்க, ஆடாதீங்க" என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் சொல்வதுதான் அவர் உத்தியோகம். தூக்கத்தில்கூட ஒருமுறை என்னைப் பார்த்துச் சொன்னார். "இப்ப விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டுக் குறட்டை விட ஆரம்பித்தார்.

வீட்டில் அதிகம் பேச மாட்டார். சண்டை போடவும் தெரியாது. ரயிலில் பங்காரப்பேட்டையில் ஏறுகிற யாருக்காவது இடத்தைக் கொடுத்துவிட்டு பெங்களூர் வரை நின்றுகொண்டே போகிற ரகம். அப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்மீது வெறிபிடித்த பாசம். அது நான் இல்லை. அவருடைய அண்ணன் சகாயம்.

சகாயம் மாமா எங்களுக்கு இரண்டு லைன் தள்ளி இருந்தார். மாமனார் சீக்கிரம் போய்விட்டதால், மீசை சரியாக முளைக்காத வயதில் நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்கி, தம்பியைப் படிக்க வைத்தவர். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடியபோது மற்றவர்கள் வேலை தேடி பெங்களூருக்கு ரயிலேறினார்கள். மாமா கிரானைட் பட்டறைக்குப் போனார். சுரங்கத் தூசி பாதி தின்று வைத்திருந்த நெஞ்சைக் கல் தூசி மீதியும் தின்றது. கடைசி வருடங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், மூக்கில் குழாய், கட்டிலில் இருந்து பின்கதவு வரை நடை. அவ்வளவுதான் அவர் உலகம்.

போன வருடம் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் எல்லாரும் அங்கே இருந்தோம். மாமாவின் மகள் ஷைலா பெங்களூரில் வேலை பார்க்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். வீட்டைப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் இருந்த எக்ஸ்ரே கட்டை வெளியே இழுத்துப்போட்டு, இந்தக் குப்பையெல்லாம் எதற்கு என்று கேட்டாள். மாமா அவற்றை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் அதே விலா எலும்பு, அதே வெள்ளைத் திட்டு. வருடம் ஏற ஏற வெள்ளை ஏறிக்கொண்டே வந்தது.

"எவ்ளோ பெரிய ஃபிலிமு பாரு," என்றார் மாமா. "ஒண்ணுலயாவது என் மூஞ்சி கீதா? ஜென்மம் முச்சூடும் என் நெஞ்ச மட்டும் எடுத்து எடுத்து வெச்சிக்கினாங்க. கழுத்துக்கு மேல ஒரு ஆளு கீறான்னு ஒருத்தனுக்கும் தோணல."

"போன்ல எவ்ளோ போட்டோ கீதுப்பா," என்றாள் ஷைலா.

"போன மொற போன் ஒடஞ்சப்போ எல்லாம் பூடிச்சே. மிச்சம் கீறதுல இன்னா கீது? மூக்குல குழாய மாட்டிக்கினு உக்காந்துனு கீறேன்." மூச்சு வாங்கிவிட்டு இவர் பக்கம் திரும்பினார். "டேய் மாணிக்கம். இதே சைஸ்ல, இதே ஃபிலிம்ல, என் மூஞ்சிய ஒண்ணு எடுத்துக் குடுறா. குழாய் இல்லாம. நான் பூட்ட பின்னாடி செவுத்துல அத்த மாட்டுங்க."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மாமாவும் சிரித்து, அது இருமலாகி, ஜெயசீலி அக்கா முதுகைத் தடவிவிட்டு, குழாயைச் சரிசெய்து படுக்க வைத்தார். ஜெயசீலி அக்கா மாமாவின் மனைவி, எனக்கு ஓரகத்தி. இவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த எக்ஸ்ரே ஒன்றை எடுத்து, ஓரத்தை விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சென்டரில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறி, காலாவதியான ஃபிலிம் பெட்டிகளும், அதைக் கழுவுகிற மருந்துகளான டெவலப்பர் பவுடரும் ஹைப்போவும் மூலையில் கிடந்தன. டாக்டரிடம் கேட்டு எல்லாவற்றையும் வாங்கி வந்துவிட்டார். எக்ஸ்ரே ஃபிலிமை மரப்பெட்டி கேமராவில் போட்டு, தட்டு அகலத்துக்குப் படம் எடுக்கிறவர்கள் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார்களாம். அவர்களுடைய வீடியோவை ரயிலில் போகவர பார்த்தார். இங்கிலீஷ் பாதி புரியாது. புரிந்த பாதியை வைத்துக்கொண்டு பிளைவுட் வாங்கினார்.

ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி நுழைகிற மாதிரி அறுத்தார். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், ஏதோ மூடிப்போன அச்சகத்துக் கேமராவின் லென்ஸ் கிடைத்தது. பின்பக்கத்தில் உருவம் விழுகிற கண்ணாடியை வால்வு தேய்க்கிற பேஸ்ட் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துப் பால் நிறமாக்கினார். தலைக்கு மேல் போர்த்திக்கொள்ளக் கறுப்புத் துணி வேண்டும் என்று பெரிய வெள்ளிக்கிழமைக்கு நான் கட்டுகிற புடவையைக் கிழித்தார். வேறு வாங்கித் தருகிறேன் என்றார். பெரிய வெள்ளி வந்து போய்விட்டது, புடவை வரவில்லை.

கேமரா முடிந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுத் துணிக்குள் தலையை விடச் சொன்னார். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. கொடியில் காய்கிற துணி மேல்நோக்கித் தொங்கியது. அந்தப் பக்கத்தில், சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேடு வானத்தில் இருந்து கீழே இறங்கி நின்றது. அந்தத் தூசி மேட்டை இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டே வாழ்கிறேன். அதில் பார்க்க அதுகூட அழகாக இருந்தது. "ம், பரவாயில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

படம் எடுப்பதைவிட அதைக் கழுவுவதுதான் பெரிய பாடு. இருட்டறை வேண்டும். ஆனால் இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாதாம். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒன்றும் ஆகாது என்று வீடியோவில் சொன்னார்கள். எங்கள் மாதிரி வீட்டில் சிவப்பு விளக்குக்கா பஞ்சம்? முன்னறையில் திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் ஜீரோ வாட்ஸ் சிவப்பு பல்பு, இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கிறது. நாங்கள் குடிவந்த புதிதில் கடையில் வாங்கிய பல்பு ஃபியூஸ் போனபோது, சகாயம் மாமாதான் வெறும் பல்பு ஒன்றுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து மாட்டினார். "ஆண்டவருக்கு வெளிச்சம் கீதான்னுதான் கணக்கு. எந்தக் கம்பெனின்னு கேக்க மாட்டாரு" என்றார். அந்த பல்பு இன்றுவரை போகவில்லை.

ஆக, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எங்கள் முன்னறை ஜன்னலுக்குக் கம்பளி, கதவிடுக்குக்குக் கோணி, ஆண்டவர் படத்துக்குக் கீழே மேசையில் மூன்று பிளாஸ்டிக் தட்டு. முதலாவதில் டெவலப்பர், நடுவில் தண்ணீர், மூன்றாவதில் ஹைப்போ. அந்த நாற்றத்தில் ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டு அமலா, சாராயம் காய்ச்சுகிறீர்களா என்றே கேட்டுவிட்டாள்.

மாமாவை அவர் வீட்டுப் பின்கட்டு நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். படம் எடுக்கிற நேரத்துக்குக் குழாயைக் கழற்றியாக வேண்டும். அச்சக லென்ஸில் பட்டென்று மூடித் திறக்கிற ஏற்பாடு கிடையாது. மூடியைக் கையால் கழற்றி, நாலு எண்ணி, திரும்ப மூட வேண்டும். அந்த நாலு எண்ணும்வரை மாமா அசையாமல் இருக்க வேண்டும்.

துணிக்குள் இருந்து வெளியே வந்த இவர் வாயைத் திறந்து, மூடினார். எனக்குப் புரிந்தது. தன் உத்தியோக வார்த்தை நாக்கு நுனிக்கு வந்திருக்கிறது. மூச்சைப் பிடி என்று அந்த அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

மாமாதான் வழி சொன்னார். "சொரங்கத்துல எறங்குற கேஜுல ஆளு ஏறினா மூணு மணி அடிப்பாங்கடா. அந்த மூணு மணி கேட்டா எவனும் அசைய மாட்டான், வாயத் தொறக்க மாட்டான். ஷாஃப்ட்டுல எறங்குற வரைக்கும் கல்லு மாதிரி நிப்போம். நீ மூணு தட்டு தட்டு. ஒடம்பு தன்னால நிக்கும்."

இவர் மரப்பெட்டியின் மேல் விரல் முட்டியால் மூன்று முறை தட்டினார். மாமாவின் தோள் இறுகியது, தாடை இறுகியது, கண் ஒரே இடத்தில் நின்றது. நோயாளி போய் ஷிப்டுக்குப் போகிற சகாயம் வந்து உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் இருமல் வந்துவிட்டது.

எத்தனையோ ஞாயிறு அப்படிப் போனது. சில நாள் இருமல் கொஞ்சம் தள்ளி வந்தது, நாலு எண்ணி முடித்தோம். ஆனாலும் கழுவிப் பார்த்தால் ஃபிலிம் முழுக்கச் சாம்பல். வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகவும் படாத இடம் கண்ணாடி போலவும் வர வேண்டுமாம். இவருடையதில் கண்ணாடி போல ஒரு இடமும் கிடையாது. ஷைலா அதைப் போனில் பிடித்து, கறுப்பை வெள்ளையாக மாற்றிக் காட்டினாள். "அப்பா பொகைக்குள்ள உக்காந்துனு கீறாரு சித்தப்பா" என்றாள்.

இவர் ஃபிலிம் பழசு என்றார். பெட்டியில் ஓட்டை என்று மூலைக்கு மூலை கறுப்பு டேப் ஒட்டினார். எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு என்று கேன் தண்ணீர் வாங்கினார். காற்றுக் காலம் வந்து மேட்டுத் தூசி பறந்தபோது அதையும் குற்றம் சொன்னார், அது புள்ளிபுள்ளியாக விழுந்துகொண்டும் இருந்தது. தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்ததை மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆண்டவர் விளக்கை யார் சந்தேகப்படுவார்கள்?

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. எடுத்து வந்த ஃபிலிமை மேசைமேல் வைத்துவிட்டு மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். ஃபிலிம் சுருண்டு சுருண்டு எழும்பியது. சட்டைப் பையில், சாவிக்கொத்திலிருந்து கழன்றுபோன பித்தளை வேளாங்கண்ணி மாதா இருந்தது. விரல் நீளம், முக்கோணப் புடவையும் கிரீடமும் வெட்டிய உருவம். ரிப்பேர் செய்ய மறந்து பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். அதை எடுத்து ஃபிலிம்மேல் பாரமாக வைத்தார். மருந்து கலந்து முடித்ததும் மாதாவைப் பையில் போட்டுக்கொண்டு ஃபிலிமைக் கழுவினார்.

அடுப்படியில் இருந்த எனக்குக் கூச்சல் கேட்டது. ஓடிவந்தால், ஈரம் சொட்டுகிற ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"கண்டுபுடிச்சிட்டேன் ஈவ்லின்! இத்த பாரு. மாதா வெச்ச எடம் மட்டும் கண்ணாடி மாதிரி கீது. அப்போ மத்த எடத்துலல்லாம் மேஜ மேலயே வெளிச்சம் பட்டுக்கினு கீது. வெளிச்சம் எங்கேர்ந்து? மேல பாரு."

நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தோம். மாமா அடித்த பெயிண்ட் மெல்லிசாக வெடித்து, ஒவ்வொரு வெடிப்பிலும் வெள்ளை வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. இவர் அண்ணனை நினைத்துச் சிரித்தார். அடுத்த ஞாயிறு பல்பை அணைத்துவிட்டுக் கும்மிருட்டில் கழுவப்போவதாகவும், மாமாவின் முகம் பளிச்சென்று வரப்போவதாகவும் சொல்லிக்கொண்டே, அந்த ஃபிலிமை முன்னறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்.

மறுநாள் இவர் ரயிலேறிய பிறகு, தோசை மாவு வாங்க ஜெயசீலி அக்கா வந்தார். கொடியில் தொங்குகிற ஃபிலிமைப் பார்த்தார். சாம்பல் புகைக்குள் மாமாவின் முகம் மங்கலாக இருந்தது. அதற்குக் கீழே, நெஞ்சுக்கு நேராக, முக்கோணப் புடவையும் கிரீடமுமாக வேளாங்கண்ணி மாதா வெள்ளை வெளேரென்று நின்றார். மாவுப் பாத்திரம் கீழே விழுந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பிப் போயிருந்தேன். நான் சாவி கொடுத்து வைத்திருந்த அமலாதான் கதவைத் திறந்துவிட்டுக் கூடவே நின்றாள். அவள் ஒருத்தி போதும் ஊரைக் கூட்ட.

இவர் அன்றைக்கு முந்தின ரயிலைப் பிடித்துச் சாயந்திரமே வந்து இறங்கியபோது எங்கள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. உள்ளே மெழுகுவர்த்தி, ஜெபமாலை. ஃபிலிம் ஜன்னலில் ஒட்டப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், குழாய் இல்லாமல், இரண்டு லைன் தூரம் தானாக நடந்து வந்த சகாயம் மாமா உட்கார்ந்திருந்தார்.

"வாடா மாணிக்கம்," என்றார். கண்ணில் தண்ணீர். "டாக்டருங்க எப்பவும் இங்க வெள்ளையா கீது, இங்க வெள்ளையா கீதுன்னு தொட்டுத் தொட்டுக் காட்டுவாங்க இல்ல? பாரு. அதே எடத்துல மாதா வந்து நிக்கிறாங்க. எனக்கு மூச்சு ஃப்ரீயா வருதுடா. நெஜம்மா வருது."

இவர் என்னைப் பார்த்தார். கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. பித்தளை மாதா அங்கேதான் இருந்தார். வாயைத் திறந்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு நான் கத்தினேன். இப்போதே போய்ச் சொல்லுங்கள், தள்ளிப்போடப் போடச் சொல்ல முடியாமல் போகும் என்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் குரலை எடுத்தால் எல்லாம் வரிசையில் நின்றுவிடும்.

"அவன் சிரிச்சு எவ்ளோ நாளாச்சு?" என்றார். "நாலு நாளு சிரிச்சுக்கினு இருக்கட்டும் ஈவ்லின். அப்பால சொல்றேன்."

அந்த அப்பால வரவே இல்லை. முன்னறை பல்பை இனி அணைக்க முடியாது. மாதா தோன்றிய அறை என்று சனிக்கிழமைகளில் யாராவது வந்து ஆண்டவர் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றார்கள். இவர் தட்டுகளைக் குளியலறைக்குக் கொண்டுபோனார். அங்கே கும்மிருட்டில் தடவித் தடவிக் கழுவப் பழகினார். தண்ணீர்க் குடம், சைக்கிள், என் முகம் என்று கண்டதையும் எடுத்தார். ஒவ்வொன்றும் சுத்தமாக வந்தது. என் முகத்தில் இத்தனை சுருக்கம் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மனிதன் ஏழெட்டு மாதம் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட வித்தை, யார் முகத்துக்காகக் கற்றுக்கொண்டானோ அந்த முகம் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது.

மாமா உட்கார மறுத்துவிட்டார். "இப்போ எதுக்குடா? சாவுறவனுக்குத்தான் அந்தப் போட்டோ. எனக்கு ஒடம்பு தேறிக்கினு கீது. கொஞ்சம் சதை போடட்டும், மீசய முறுக்கிக்கினு வந்து உக்கார்றேன். அப்போ எடு."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் "சரிண்ணா" என்றார்.

செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருநாள். தேருக்குப் பின்னால் வெறுங்காலில் நடக்கப்போகிறேன் என்றார் மாமா. ஷைலா தடுத்தாள், நான் தடுத்தேன். இவர் மட்டும் எல்லாரையும் விலக்கிவிட்டு அண்ணன் கையைப் பிடித்து, "வேணாம்ணா, அந்தப் படம்..." என்று ஆரம்பித்தார்.

"அந்தப் படத்துக்குத்தாண்டா நடக்குறேன்," என்றார் மாமா.

நடந்தார். மேட்டுப் பக்கத்தில் இருந்து காற்று அடித்தது, தேருக்கு முன்னால் ஜனங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மாமா பொத்திக்கொள்ளவில்லை, இரண்டு கையையும் கூப்பியிருந்தார். இவர் ஒரு கையில் பிளாஸ்க்கும் இன்னொரு கையில் செருப்புமாகப் பக்கத்திலேயே நடந்தார். தேர் கோயிலுக்குத் திரும்புவதற்குள் மாமாவின் உதடு நீலமாகிவிட்டது.

ஆஸ்பத்திரி, பிறகு வீடு. கட்டிலில் இருந்து பின்கதவு வரை இருந்த உலகமும் போய், கட்டில் மட்டும் மிஞ்சியது. அக்டோபரில் ஒரு நாள் இவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். படுத்தபடியே எடுக்கிறேன் என்று கெஞ்சினார். மாமாவின் முகம் வீங்கி, கண் இடுங்கிப் போயிருந்தது.

"இந்த மூஞ்சி வேணாம்," என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று சொன்னார். "எழுந்துக்குவேன். மாதா... நெஞ்சுல கீறாங்க இல்ல. நீதான எடுத்த. நீயே... பயப்பட்றியே."

இவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நானும் கூடவே வந்தேன். வீட்டுக்கு வந்து வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதார். "இப்போ சொன்னா அவன்கிட்ட இன்னா மிஞ்சும் ஈவ்லின்? அது ஒண்ணுதான் கீது" என்றார். சொல்லியிருக்க வேண்டிய நாளில் சொல்லாத மனிதன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே நேரம் அவர் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரம் மாமா போய்ச் சேர்ந்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் நின்றுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கோயிலுக்குக் கொண்டுபோவதற்கு முன், மூடாத பெட்டியைத் தலைப்பக்கம் உயர்த்தி, வாசலில் சாய்த்து வைத்து, குடும்பம் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வது. வந்தவர்கள் எல்லாரும் போனை எடுத்தார்கள். ஷைலா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சித்தப்பா, நீங்க எடுங்க. அப்பா உங்க படத்தத்தான் கேட்டாரு."

ஷைலா திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் வீட்டுக்கு வந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குள் ஜெயசீலி அக்கா அந்த மாதா ஃபிலிமைக் கொண்டுவந்து, மாமாவின் நெஞ்சில் வைக்கச் சொல்லி இவர் கையில் கொடுத்தார். இவர் வாங்கி வைத்தார். மாமாவுக்குப் போட்டிருந்த கோட்டின் மடிப்புக்குள் நிற்கிற மாதிரி இரண்டு முறை சரிசெய்து வைத்தார்.

பிறகு குடும்பத்தைத் தள்ளி நிற்கச் சொன்னார். "மூஞ்சி மட்டும்தான் கேட்டான்" என்றார். பெட்டிக்குக் கிட்டக் கேமராவை நிறுத்தி, என் கறுப்புப் புடவைக்குள் தலையை விட்டார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. துணி மட்டும் குலுங்கியது. பங்குச் சாமியார் வந்து காத்திருந்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்தார். ஃபிலிமைச் சொருகினார். மூடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல் முட்டியால் மரப்பெட்டியை மூன்று முறை தட்டினார். ஜெயசீலி அக்கா அந்தச் சத்தத்துக்குத்தான் உடைந்தார். அதுவரை அப்படி அழவில்லை. இவர் மூடியைக் கழற்றி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இருமல் வரவில்லை.

அந்த ஞாயிறு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கழுவினார். காய்ந்த பிறகு ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். நானும் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு புள்ளி தூசி இல்லை. புகை இல்லை. மீசையின் ஒவ்வொரு மயிரும், நெற்றித் தழும்பும், உதட்டு வெடிப்பும் அப்படியே இருந்தன. அவர் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். எனக்கு நன்றாகத் தெரியும், இப்போது எனக்கும் ஃபிலிம் பார்க்கத் தெரியும்.

மறுநாள் ஷைலா போன் செய்தாள். படம் எப்படி வந்திருக்கிறது, நாற்பதாம் நாளுக்கு ஃபிரேம் போட வேண்டும் என்றாள்.

"கெட்டுப்பூடிச்சும்மா," என்றார் இவர். "பழைய ஃபிலிமு."

நாற்பதாம் நாளுக்கு ஆதார் கார்டில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அது மாமா என்று சொன்னால்தான் தெரியும். பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, இவரைக் காணோம் என்று தேடிப்போனேன். மாமாவின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எக்ஸ்ரே கட்டைப் பிரித்து வைத்திருந்தார். சட்டைக்குள் இருந்து அந்த ஃபிலிமை எடுத்தார்.

"ஏங்க, நல்லாத்தானே வந்துது," என்றேன். "ஏன் பொய் சொன்னீங்க? அவரு கேட்ட படம்தானே?"

"குழாய் இல்லாம எடுன்னான் ஈவ்லின்," என்றார். "மூக்குல பஞ்சு கீது."

எல்லா நெஞ்சுக்கும் அடியில் அதை வைத்து, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினார். எல்லாம் ஒரே சைஸ்தான். கட்டைக் கயிற்றால் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சாப்பிட வந்தார்.